ருகர் அமெரிக்கன் ஜென் 2: சவேஜும் டிக்காவும் இருக்க இந்த விலைக்குத் தகுமா?

உன்னிச்சைக்காரன் (மட்டக்களப்பு)

மச்சான் ஒருவர் கனடாவில், சஸ்கச்சுவான் மாகாணத்தில் இருக்கிறார். துவக்கு லைசன்சும் வேட்டைப் பாடநெறிச் சான்றிதழும் எடுத்தாயிற்று. வெண்வால் மானுக்கு முதல் ரைபிள் வாங்கப் போகிறார். ஸ்கோப், மவுண்ட், தோட்டா எல்லாம் சேர்த்து 1,500 கனேடிய டொலருக்கு மேல் போக விருப்பமில்லை. கடையில் ருகர் அமெரிக்கனின் புது ஜென் 2 (இரண்டாம் தலைமுறை) மொடலைக் காட்டியிருக்கிறார்கள். பக்கத்திலேயே சவேஜ் ஆக்சிஸ் 2 இருக்கிறது, அதைவிட மலிவு. டிக்கா டி3எக்ஸ் லைட் ருகரைவிட விலை. மொஸ்பேர்க் பேட்ரியட்டும் உண்டு. எல்லாமே போல்ட் அக்‌ஷன் (ஒவ்வொரு சூட்டுக்கும் கைபிடியைத் தூக்கி இழுத்துத் தோட்டா ஏற்றுவது), எல்லாமே பிளாஸ்டிக் ஸ்டொக் (தோளில் வைக்கும் கட்டை). பிறகு விலை வித்தியாசம் எங்கேயிருந்து வருகிறது? தோட்டா வகையில் .308 எடுப்பதா, 6.5 கிரீட்மோர் எடுப்பதா?

இன்னொரு கேள்வி நமக்கானது. வட்டைக்கு (வயல்வெளிக்கு) பன்றி இறங்கினால் இங்கே எல்லார் கையிலும் சன்னம் சிதறும் 12 போர் துவக்குதான். 35 மீற்றருக்கு அப்பால் அது வெறும் சத்தம். இப்படி மலிவான ரைபிள் ஒன்றை விவசாயிக்கு அனுமதித்தால் பிரயோசனம் இல்லையா?

---

லேத்துக்காரன் (கல்முனை)

மலிவு ரைபிள் என்றதும் குழல் மட்டமாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். அது பழைய கதை. ருகர், டிக்கா இரண்டுமே குளிர்ச் சுத்தியலடிப்பில் குழல் செய்கின்றன. துளையிட்ட இரும்புத் தண்டுக்குள், குண்டைச் சுழற்றும் வரிப்பள்ளத்தின் எதிர்வடிவம் கொண்ட கடினமான அச்சுக்கம்பியைச் செருகி, வெளியிலிருந்து சுத்தியல்கள் அடித்து இறுக்க, பள்ளம் உள்ளே தானாகப் பதியும். இயந்திரம் பயங்கர விலை. ஆனால் வாங்கிப் போட்டுவிட்டால் ஒரு குழலுக்குச் சில நிமிடம்தான். ஆகவே குழலில் மிச்சம் பிடிக்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை.

மிச்சம் பிடிப்பது வேறு இடங்களில். முதலாவது போல்ட். பழைய முறையில் போல்டின் தலையில், வெடிக்கும்போது அதைப் பூட்டிப் பிடிக்கும் இரண்டு காதுகள் துருத்தி நிற்கும். அவை ஓடுவதற்கு ரிசீவருக்குள் (போல்ட் ஓடும் இரும்பு உடம்புக்குள்) நீளவாக்கில் பள்ளம் வெட்ட வேண்டும், அது மெதுவான வேலை. ருகர் அமெரிக்கனில் காது மூன்று, போல்டின் உடம்பும் காதுகளின் அளவுக்கே தடிப்பு. ரிசீவருக்குள் வட்டத் துளை ஒன்று போதும். கைபிடியை 70 பாகை தூக்கினால் திறந்துவிடும், ஸ்கோப்பில் கை இடிக்காது. இதற்கும் ஒரு விலை உண்டு. தோட்டாவைத் தட்டும் ஊசியின் அதே சுருளை குறைந்த தூக்கலில் இழுத்து வைக்க வேண்டியதால் தூக்கும்போது கை கனக்கும். புதிதாக வாங்கியவர்கள் “போல்ட் இறுகுது” என்று முறையிடுவது பெரும்பாலும் இதைத்தான். போல்டில் அந்தச் சுருளை இழுக்கும் சாய்தளத்தில் துளி கிறீஸ் வைத்து நூறு தடவை திறந்து மூடினால் பாதி சரியாகும்.

இரண்டாவது, குழலைப் பொருத்தும் முறை. 1958இல் வந்த சவேஜ் 110இலிருந்தே ஒரு நட்டுப் போட்டுக் குழலை இறுக்குகிறார்கள். தோட்டா அளவுள்ள கேஜை உள்ளே வைத்து, குழலை அது தொடும்வரை திருகி, நட்டை இறுக்கினால் முடிந்தது. ஒவ்வொன்றாக அரம் போட்டுப் பொருத்தும் கைதேர்ந்த ஆள் தேவையில்லை. இது மலிவு மட்டுமில்லை, நல்ல முறையும்கூட. மற்றக் கொம்பனிகளும் பிறகு இதையே எடுத்தன.

மூன்றாவதுதான் உண்மையான பலவீனம்: அச்சில் வார்த்த பிளாஸ்டிக் ஸ்டொக். உள்ளே கூடு. முன்பாகத்தைப் பிடித்து நெரித்தால் வளையும். வளைந்து குழலில் தொட்டால் குண்டு போகும் இடம் மாறும். கடையிலேயே பார்க்கலாம். தடித்த தாளொன்றைக் குழலுக்கும் ஸ்டொக்குக்கும் இடையில் விட்டு ரிசீவர் வரை இழுத்துப் பாருங்கள். பிறகு மூட்டையில் ஊன்றியதுபோல முன்பாகத்தை அழுத்திக்கொண்டே இழுங்கள். இரண்டாம் முறை சிக்கினால் அந்த இடம் பிரச்சினை தரும்.

தப்பான இடத்தில் மிச்சம் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு 2001இல் வந்த ரெமிங்டன் 710 இருக்கிறது. போல்ட் ஓடும் பகுதிக்கு ரிசீவருக்குள் பிளாஸ்டிக் உறை போட்டு, குழலைத் திருகாமல் அழுத்திப் பொருத்தினார்கள். குழல் தேய்ந்தால் மாற்ற வழியில்லை. 2013இல் 783 வந்தபோது அவர்களும் நட்டு முறைக்கு வந்தார்கள். பழைய துவக்கு விற்பனையில் 710 மலிவாகக் கிடைத்தால் மச்சானை அந்தப் பக்கமே போக வேண்டாம் என்று சொல்லுங்கள்.

---

கல்லடிப்பாலம் (மட்டக்களப்பு)

லேத்துக்காரன் சொன்னதோடு விலைக் கணக்கையும் பார்க்க வேண்டும். ருகர் அமெரிக்கன் 2012 அளவில் சந்தைக்கு வந்தபோது அமெரிக்காவில் கொம்பனி போட்ட விலை 449 டொலர். ஜென் 2 அறிமுகமானபோது 729. இடையில் எல்லாப் பொருளும் ஏறியதுதான், ஆனாலும் 729 என்பது அடிமட்டத் தட்டு இல்லை. அந்த விலையில் அது ஆக்சிஸோடு போட்டி போடவில்லை. ஹோவா 1500, அதே அக்‌ஷனில் வரும் வெதர்பி வான்கார்ட், வின்செஸ்டர் எக்ஸ்பிஆர் இவற்றோடும், கழிவு (தள்ளுபடி) விலையில் கிடைக்கும் டிக்காவோடும்தான் மோதுகிறது. ஹோவா ஜப்பானில் செய்வது, ரிசீவர் சூட்டில் அடித்து உருவாக்கிய இரும்பு, கனம் கூட. எக்ஸ்பிஆர் போர்த்துக்கலில். டிக்கா பின்லாந்தின் சாக்கோ தொழிற்சாலையில்.

கூட்டிய காசுக்கு ருகர் தருவது: சுருள் பள்ளம் வெட்டிய குழல், துருவைத் தாங்கும் செரகோட் பூச்சு, உயரத்தையும் நீளத்தையும் மாற்றக்கூடிய ஸ்டொக், முனையில் மரை, அதில் மசில் பிரேக். இதில் எனக்குப் பெறுமதியாகப் படுவது வேறொன்று: மூன்று நிலைச் சேப்டி. பழைய மொடலில் சேப்டி இரண்டே நிலை, அது போல்டைப் பூட்டாது. பற்றைக்குள் நடக்கும்போது கைபிடி கிளையில் மாட்டித் திறந்துகொள்ளும். புதியதில் முழுக்கப் பின்னால் இழுத்தால் போல்டும் பூட்டும். நடுவில் வைத்தால் ட்ரிகர் பூட்டியபடியே போல்டைத் திறந்து தோட்டாவை வெளியே எடுக்கலாம். முதல் துவக்கு வாங்குபவருக்கு இது நிச்சயம் நல்லது.

சுருள் பள்ளம் அழகுக்கு. மரை கனடாவில் பாதிப் பிரயோசனம், அங்கே சத்தம் அடக்கும் குழாய் தடைசெய்யப்பட்ட பொருள். மசில் பிரேக் உதைப்பைக் குறைக்கும், ஆனால் சத்தத்தைப் பக்கவாட்டில் திருப்பிக் காதில் அறையும். கழற்றிவிட்டு மரைக்கு மூடி போட்டு வைக்கலாம். மானுக்கு .308இன் உதைப்பு அப்படியொன்றும் பெரிதில்லை. மகசீன் விஷயத்தில் ஜென் 2 முன்னேற்றம்தான். .308, 6.5 கிரீட்மோர் இரண்டிலும் ஏஐ (அக்குரசி இன்டர்நஷனல்) வகை மகசீன் போவதால் வேறு கொம்பனிகள் செய்யும் இரும்பு மகசீனும் வாங்கலாம். டிக்காவின் பிளாஸ்டிக் மகசீன் அருமையானது, இரண்டாவது ஒன்று வாங்கும்போதுதான் விலை உறுத்தும்.

ஆக்சிஸ் வாங்கினால் “2” போட்டதைத்தான் வாங்க வேண்டும். அதில்தான் கனத்தைத் திருத்தக்கூடிய அக்யூட்ரிகர் வரும். பழைய வெறும் ஆக்சிஸின் ட்ரிகர் கனம், அந்தக் கனத்தைத் திருத்தும் வசதியும் இல்லை. குறி சுடுவதில் ஆக்சிஸ் 2 ருகருக்குக் குறைவில்லை. ஸ்டொக்தான் இந்தக் கூட்டத்திலேயே பலவீனம். பேட்ரியட்டின் ட்ரிகரும் நல்லது, 2 முதல் 7 இறாத்தல் வரை தானே மாற்றலாம். மெல்லிய குழல், அதனால் சீக்கிரம் சூடேறும்.

மச்சானின் கணக்குக்கு என் தெரிவு: ஆக்சிஸ் 2 அல்லது பழைய ருகர் அமெரிக்கனை எடுத்து, மிஞ்சுவதை ஸ்கோப்பில் போடுவது. ஜென் 2 கழிவு விலையில் வந்தால் அது.

---

வாகரை வடக்கு (மட்டக்களப்பு)

கல்லடிப்பாலத்தோடு இதில் ஒத்துப்போக மாட்டேன். இருபது வருடம் வைத்திருக்கப் போகும் பொருளுக்கு இருநூறு, முந்நூறு டொலர் ஒரு கணக்கா? டிக்காவின் போல்ட் எண்ணெயில் வழுக்குவதுபோல ஓடும். மற்றதெல்லாம் கரகரக்கும். பிறகு விற்றாலும் டிக்காவுக்கு விலை நிற்கும். 1,500க்குள் டிக்காவும் நடுத்தர ஸ்கோப்பும் இழுத்துப் பிடித்தால் அடங்கும்.

---

கல்லடிப்பாலம்

அடங்கும், ஆனால் தோட்டாவுக்குக் காசு மிஞ்சாது. முதல் வருடம் பழகுவதற்கு இருநூறு தோட்டாவாவது சுட வேண்டும். டிக்காவை வாங்கி ஒரு பெட்டி தோட்டாவோடு காட்டுக்குப் போகிறவரைவிட, ஆக்சிஸால் பத்துப் பெட்டி சுட்டவர் மானை விழுத்துவார்.

---

லேத்துக்காரன்

ஸ்கோப் மாட்டும் விதத்தில்தான் பாதிப் பேர் துவக்கைக் குறை சொல்கிறார்கள். ஸ்கோப்போடு பொதியாக விற்கும் மொடல்களில் மவுண்டின் திருகாணிகளைத் தொழிற்சாலையில் எவ்வளவு இறுக்கினார்கள் என்று தெரியாது. எல்லாவற்றையும் கழற்றி, மரையில் இருக்கும் எண்ணெயை அற்ககோல் போட்டுத் துடைத்து, திரும்ப மாட்ட வேண்டும். வளையத்தின் மேல்மூடித் திருகாணிக்கு 15 முதல் 18 அங்குல இறாத்தல், அதாவது ஏறத்தாழ 2 நியூட்டன் மீற்றர். கையால் பலமாக இறுக்கினால் ஸ்கோப் குழாய் நசுங்கி, உள்ளே திருத்தும் பகுதி இறுகிப்போகும். பிறகு கிளிக் போட்டாலும் குறி அசையாது. ஸ்டொக்கைப் பிடிக்கும் திருகாணிகளுக்கு அந்தந்த மொடலின் கைநூலில் உள்ள அளவை மட்டும் பாருங்கள், ஒன்றுக்கு எழுதியதை இன்னொன்றுக்குப் போட வேண்டாம்.

ஸ்கோப் 3-9x40 (3 முதல் 9 மடங்கு பெருக்கம், 40 மில்லிமீற்றர் முன்வில்லை) போதும். வோர்டெக்ஸ் கிராஸ்ஃபயர் 2, லியூபோல்ட் விஎக்ஸ்-ஃப்ரீடம் இரண்டும் இந்தக் கணக்குக்குள் வரும்.

குறி வைக்கும் ஒழுங்கு இது. குழலுக்குள் தொழிற்சாலை எண்ணெய் இருக்கும், துணி விட்டு உலர்த்தாமல் சுட்டால் முதல் குண்டு எங்கோ போகும். துவக்கை மணல்மூட்டையில் வைத்து, போல்டைக் கழற்றி, பின்னாலிருந்து குழலின் ஊடாக 25 மீற்றர் இலக்கைப் பாருங்கள். துவக்கை அசைக்காமல் ஸ்கோப்பின் குறுக்குக்கோட்டை அதே புள்ளிக்குக் கொண்டு வாருங்கள். இப்போது ஒன்று சுட்டால் தாளிலேயே விழும். இங்கே ஒரு பிழை சாதாரணமாக நடக்கும். ஸ்கோப் திருகின் கால் எம்.ஓ.ஏ (கோண அளவு) கிளிக் ஒன்று 100 மீற்றரில் 7 மில்லிமீற்றர் நகர்த்தும், 25 மீற்றரில் 2 மில்லிமீற்றர்கூட இல்லை. ஆகவே கிட்டத்தில் நான்கு மடங்கு கிளிக் போட வேண்டும்.

பிறகு 100 மீற்றரில் மூன்று சுட்டு, மூன்றின் நடுவை அளக்க வேண்டும். ஒரு குண்டைப் பார்த்துவிட்டுக் கிளிக்கைத் திருகத் தொடங்கினால் நாள் முழுக்கத் துரத்திக்கொண்டே இருப்பீர்கள். நடு 5 சென்ரிமீற்றர் கீழே, 3 வலப்பக்கம் என்றால் மேலே 7 கிளிக், இடப்பக்கம் 4. ஒவ்வொரு மூன்றுக்கும் பிறகு போல்டைத் திறந்து வைத்துக் குழலைக் கை வைக்கக்கூடிய சூட்டுக்கு ஆறவிட வேண்டும். இந்த மெல்லிய குழல்களில் ஆறாவது ஏழாவது குண்டுக்குக் குண்டுகள் விழும் வட்டம் விரியத் தொடங்கும், அது துவக்கின் குறை இல்லை. .308இல் 150 கிரேன் (குண்டின் நிறை அலகு) குண்டுக்கு 100 மீற்றரில் 4 முதல் 5 சென்ரிமீற்றர் மேலே விட்டால், 200 மீற்றருக்குக் கிட்ட வரை மானின் நெஞ்சைப் பார்த்து நேராகவே பிடிக்கலாம்.

.308ஆ 6.5ஆ என்றால், மானுக்கு இரண்டும் தாராளம். 6.5 கிரீட்மோர் உதைப்பில் ஏறத்தாழ கால்பங்கு குறைவு, புதியவருக்கு நல்லது. மூஸ் மாதிரிப் பெரிய மிருகத்துக்கும் பிறகு போக எண்ணம் இருந்தால் .308, 165 அல்லது 180 கிரேன். தோட்டா எந்த ஊர்க் கடையிலும் இருக்கும் என்பதும் .308 பக்கம். ஃபெடரல் பவர்-ஷொக், வின்செஸ்டர் பவர்-பொயின்ட், ஹோர்னடி அமெரிக்கன் வைட்டெயில் மூன்றிலும் ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பார்த்து, எது நெருங்கி விழுகிறதோ அதிலேயே ஒரே லொட் (உற்பத்தித் தொகுதி) இலக்கத்தில் ஐந்து பெட்டி எடுத்து வைக்கட்டும்.

---

உன்னிச்சைக்காரன்

நன்றி அண்ணன்மாரே. அங்கே கார்த்திகையில் பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகை. அதற்கு ஏதும் கவனிக்கணுமா? நம்ம வட்டைக் கேள்விக்கு யாரும் வரல்லியே.

---

வாகரை வடக்கு

குளிருக்கு: போல்டுக்குள் இருக்கும் கிறீஸ் இறுகினால் ஊசி மெதுவாகப் போய்த் தோட்டாவின் அடியிலுள்ள தொப்பியைத் தட்டும், வெடிக்காது. போல்டைப் பிரித்துக் கழுவி, உலர வைத்து, கிட்டத்தட்ட எண்ணெய் இல்லாமலே விட வேண்டும். மற்றது வியர்வை. குளிரிலிருந்து நேரே சூடான வீட்டுக்குள் கொண்டு வந்தால் இரும்பெல்லாம் நீர் பூக்கும். அடுத்த நாள் வெளியே போனதும் அந்த நீர் ட்ரிகருக்குள் உறையும். பையை மூடியபடியே வைத்து மெல்லச் சூடாக விட்டு, பிறகு திறந்து துடைக்க வேண்டும். வெறுமையாக்கி, ட்ரிகர் பூட்டுப் போட்டோ பூட்டிய பெட்டியிலோ வைப்பது அங்கே சட்டம்.

---

மல்வத்தை வெளி (சம்மாந்துறை)

தம்பி, வட்டைக் கேள்விக்கு நான் சொல்றன்.

பன்றிக்கு ரைபிள் பலம் காணாது என்று யாரும் சொல்லல்ல. குண்டு பன்றியில் படாமல் போனால், அல்லது ஊடுருவிப் போனால், எங்கே போய் நிற்கும் என்பதுதான் கேள்வி. கணக்குப் பார்ப்போம். வரம்பில் நிற்கிறவரின் கண்மட்டம் 1.4 மீற்றர். பன்றியின் நெஞ்சு நிலத்திலிருந்து 40 சென்ரிமீற்றர் உயரம். தூரம் 60 மீற்றர். தவறிய குண்டு பன்றிக்கு 24 மீற்றர் பின்னால் நிலத்தைத் தொடும், அதுவும் ஒரு பாகைச் சரிவில். தண்ணீர் நிற்கிற வயலிலும் காய்ந்த வரம்பிலும் அந்தச் சரிவில் பட்ட குண்டு புதையாது, தெறித்து எழும்பும். .308 குண்டு எழும்பினால் 4 கிலோமீற்றர் வரைக்கும் போக இயலும். சஸ்கச்சுவானும் வெட்டவெளிதான், ஆனால் அங்கே பகலில் சுடுகிறார்கள், பின்னால் மேடு பார்த்துச் சுடுகிறார்கள். இங்கே பன்றி வருவது இருட்டில். பெரும்போகம் கதிர் பறியும் காலத்தில் அடுத்த வட்டையிலும் அதற்கு அடுத்ததிலும் டோர்ச்சோடு காவல்காரர் இருக்கிறார்கள்.

4 மீற்றர் பரணில் ஏறி இருந்து சுட்டால் அதே 60 மீற்றருக்குப் பின்னால் ஆறேழு மீற்றரில் குண்டு நிலத்தில் இறங்கும், சரிவும் கூட. அது எவ்வளவோ மேல். ஆனாலும் எல்லாரும் பரணிலிருந்தே சுடுவார்கள் என்று நம்பி ரைபிள் கொடுக்க இயலாது.

12 போரின் எஸ்ஜி (பெரிய சன்ன) தோட்டாவில் 9 சன்னம். அவை எவ்வளவு மேலே போனாலும் அறுநூறு எழுநூறு மீற்றருக்குள் விழுந்துவிடும். அந்தக் குறைந்த தூரம்தான் இங்கே அதன் நல்ல குணம். 35 மீற்றருக்கு அப்பால் சத்தம் என்று எழுதினது சரி. சொக் (வாய் ஒடுக்கம்) இல்லாத குழலில் ஒரு யார் தூரத்துக்கு ஓர் அங்குலம் என்று விரியும். 30 யாரில் 30 அங்குல வட்டத்துக்குள் ஒன்பது சன்னம், பன்றியின் நெஞ்சுக்கு இரண்டு மூன்று கிடைத்தால் பெரிசு. ஆகவே 25 மீற்றருக்குள் வரவிட்டுச் சுட வேண்டும். காயத்தோடு ஓடின பன்றி விடிய வரம்பில் ஆளைக் குத்தும்.

இதைவிட முக்கியம் பழைய துவக்குகளின் அறை (குழலில் தோட்டா இருக்கும் இடம்) நீளம். இங்கே இருக்கிற பழைய இரட்டைக் குழல்களில் பல 65 மில்லிமீற்றர் அறை, அதாவது இரண்டரை அங்குலம். இப்போது வருகிற தோட்டா பெரும்பாலும் 70. மடிப்பு வாய் உள்ள 70 தோட்டா வெடிக்க முன்னம் 60 அளவுதான் நீளம், அதனால் பழைய அறைக்குள்ளும் வழுக்கிப் போகும். போய்விட்டதே என்று சுட்டால், விரியும் வாய் அறைக்கு முன்னாலிருக்கும் ஒடுக்கத்துக்குள் நுழைந்து வழியை நெரிக்கும், அழுத்தம் ஏறும். நாளடைவில் பூட்டு ஆடத் தொடங்கும், குழல் புடைக்கும். துவக்கை மடித்துக் குழலைக் கழற்றி அடிப்பக்கத் தட்டையில் அடித்திருக்கும் அளவைப் பாருங்கள். அந்தப் பழசுகளில் ஒற்றைக் குண்டுத் தோட்டாவும் வேண்டாம்.

ஆனைக்குச் சன்னம் அடிக்கவே கூடாது. அது சாகாது, காயம் புழுத்து மூர்க்கமாகும், அடுத்த வட்டைக்காரனைத் தேடி வரும். சட்டத்திலும் மாட்டுவீர்கள். அதற்கு வனஜீவராசிகள் திணைக்களம் தருகிற, சத்தத்தால் விரட்டும் ஆனைவெடிதான்.

---

உன்னிச்சைக்காரன்

விளங்கிச்சு காக்கா. அப்ப லைசன்ஸ் மாற்றி ரைபிள் கேட்கிற கதையே வேண்டாம். வாப்பா காலத்துத் துவக்கு ஒன்று பக்கத்து வளவில் இருக்கு, அவரிட்ட 65 அறைதான் எண்டு நினைக்கன். பார்க்கச் சொல்றன்.

---

மல்வத்தை வெளி

வாப்பா காலத்தது என்றால் முதலில் லைசன்ஸ் யார் பேரில் என்று கேளுங்கள். 1916ஆம் ஆண்டுச் சுடுகருவிகள் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் ஆளுக்குத்தான், வளவுக்கு இல்லை. டிசம்பர் 31உடன் முடியும், ஒவ்வொரு வருடமும் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) புதுப்பிக்க வேண்டும். இறந்தவர் பேரில் இருக்கிற துவக்கை மகன் தூக்கிக்கொண்டு வட்டைக்குப் போனால் அது அனுமதியில்லாத துவக்கு. பொலிசில் கையளித்துவிட்டு மகன் தன் பேரில் விண்ணப்பிக்க வேண்டும். மச்சான் லீவில் வரும்போது ஸ்டொக்கையோ போல்டையோ நாலு தோட்டாவையோ பெட்டியில் போட்டுக் கொண்டு வரவும் கூடாது. பாதுகாப்பு அமைச்சின் அனுமதி இல்லாமல் எதுவும் உள்ளே வராது.

பிறகு, துணி உறைக்குள் வைத்து அலுமாரியில் நிறுத்தி இருந்தால் வெளியே எடுக்கச் சொல்லுங்கள். வாவிக் காற்றில் துணி ஈரத்தைப் பிடித்து வைக்கும், உறைக்குள்தான் முதலில் துரு ஏறும். துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி, குழல் வாய் கீழே பார்க்க நிறுத்தி வையுங்கள். அப்பதான் எண்ணெய் வடிந்து மரக்கட்டைக்குள் ஊறாது.